வர்க் ஒட்டிய காஜு கத்லி: தெரிந்த பிறகு ஏன் குமட்டுகிறது?

#1 மயூர்விஹார்_மாடி | சனி, இரவு 9.40

தீபாவளிக்கு அலுவலகத்தில் அரை கிலோ காஜு கத்லி கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்து நான்கு துண்டை உள்ளே தள்ளிவிட்டு, எதிர்வீட்டு ஆன்ட்டிக்கு ஒன்றை நீட்டினேன். அவர் ஜைனர். துண்டை வாங்கிக்கொண்டு, மேலே ஒட்டியிருந்த வெள்ளித்தாளைக் கத்தி முனையால் பொறுமையாகச் சுரண்ட ஆரம்பித்தார். ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அந்த வெள்ளித்தாளுக்கு இங்கே டெல்லியில் வர்க் என்று பெயர். சின்னச் சின்ன வெள்ளித் துண்டுகளை ஒரு தடித்த புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவில் வைத்து மணிக்கணக்காகச் சுத்தியலால் அடிப்பார்களாம். மூச்சு விட்டால் பறக்கிற அளவுக்கு மெலியும் வரை அடி. அந்தப் புத்தகத்தின் பக்கங்கள் காலம் காலமாக மாட்டுக் குடலின் சவ்வு. அத்தனை அடிக்கும் கிழியாது, வெள்ளியும் அதில் ஒட்டிக்கொள்ளாது.

சொல்லிவிட்டு ஆன்ட்டி தன் துண்டை நிம்மதியாகச் சாப்பிட்டார். நான் வாஷ்பேசின் பக்கம் போய் நின்றேன்.

இதில் வேடிக்கை, நான் சைவம்கூட இல்லை. ஞாயிறானால் மட்டன். அது மட்டுமல்ல, வர்க் தயாரிப்பின் எந்தக் கட்டத்திலும் விலங்குப் பொருள் எதையும் பயன்படுத்தக் கூடாது என்று 2016இலேயே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ விதி கொண்டுவந்துவிட்டதைப் பின்னால் படித்தேன். ஆக, நான் தின்றதில் குடல் சம்பந்தமே இல்லாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதைப் படித்த பிறகும் பெட்டியைத் திறக்கக் கை வரவில்லை.

நாக்கு நான்கு துண்டுக்கும் "நன்று" என்றது. ஒரே ஒரு வாக்கியம் காதில் விழுந்ததும் வயிறு புரண்டது. இது எப்படி? உங்களுக்கும் இப்படி ஆனதுண்டா?

#2 வாசலில்_நிற்பவன் | சனி, இரவு 9.52

மீதிப் பெட்டி தேவையில்லை என்றால் முகவரி அனுப்புகிறேன்.

#3 நார்த்கேம்பஸ்_மாணவி | சனி, இரவு 10.15

அண்ணா, நான் உளவியல் முதுகலை படிக்கிறேன். நீங்கள் கேட்டது எங்களுக்கு ஒரு முழுப் பாடம்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பால் ரோசின் என்ற உளவியலாளர் அருவருப்பைப் பற்றியே பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர். 1986இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட சோதனைகள் பிரபலம். செத்துப்போன, கிருமி நீக்கம் செய்த ஒரு கரப்பான்பூச்சியைப் பழச்சாறில் முக்கி எடுத்துவிட்டுக் குடிக்கச் சொன்னார்கள். கிருமியே கிடையாது என்று தெரிந்தும் பெரும்பாலோருக்கு மனம் வரவில்லை. நல்ல சாக்லேட்டையே நாய் மலம் போன்ற உருவத்தில் செய்து வைத்தபோதும் அதே கதை.

எனக்குப் பிடித்தது சர்க்கரைச் சோதனை. இரண்டு புட்டிகளிலும் கண்ணெதிரே சர்க்கரை கொட்டுவார்கள். இரண்டு சீட்டுகள் தருவார்கள். ஒன்றில் சர்க்கரை என்றும் மற்றதில் சோடியம் சயனைடு என்றும் எழுதியிருக்கும். எந்தச் சீட்டை எதில் ஒட்டுவது என்பதும் நம் விருப்பம்தான். அப்புறம் இரண்டிலிருந்தும் எடுத்துத் தண்ணீரில் கலந்து குடிக்கச் சொன்னால், தன் கையாலேயே சயனைடு என்று ஒட்டிய புட்டியைக் கண்டு ஆட்கள் தயங்கினார்கள்.

இதிலிருந்து அவர் சொன்னது இரண்டு. ஒன்று, ஒருமுறை தொட்டது எப்போதும் தொட்டுக்கொண்டே இருப்பதாக மனம் நினைக்கிறது. மற்றது, ஒன்றைப் போலத் தெரிவது அதுவாகவே ஆகிவிடுகிறது. உங்கள் வெள்ளித்தாள் முதல் வகை. குடல் எப்போதோ தொட்டிருக்கலாம் என்ற எண்ணம் போதும். 2016 விதியெல்லாம் மூளையின் மேல்மாடிக்குத்தான் போகும், வயிறு இருக்கிற தளத்துக்கு இறங்காது.

#4 கோல்மார்க்கெட்_மாமி | சனி, இரவு 10.48

இதைக் கண்டுபிடிக்க அமெரிக்காவில் கரப்பான்பூச்சியை முக்கி எடுக்க வேண்டுமா, கண்ணே? என் பாட்டி "பத்து" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சாதப் பானையைத் தொட்ட கையால் தயிரைத் தொட்டால் தயிரும் பத்து. அந்தத் தயிர்ப் பாத்திரத்தைத் தொட்ட கையால் ஊறுகாய் ஜாடியைத் தொட்டால் போச்சு. சாதத்தில் என்ன அழுக்கு? ஒன்றும் இல்லை. தொட்டதுதான் கணக்கு. டெல்லிக்கு வந்து 41 வருஷம் ஆகிறது, இன்னும் சாதத்தைத் தொட்டுவிட்டுக் கை அலம்பாமல் நெய்க் கிண்ணத்தை எடுக்க எனக்கு வராது.

எச்சிலும் அப்படித்தான். டம்ளரைத் தூக்கிக் குடிக்காத குழந்தை எங்கள் வீட்டில் அடி வாங்காமல் வளர்ந்ததில்லை.

#5 நார்த்கேம்பஸ்_மாணவி | சனி, இரவு 11.02

மாமி, எச்சில் என்றதும் நினைவு வந்தது. 1955இல் கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் ஒரு விஷயத்தைக் கற்பனை செய்து பார்க்கச் சொன்னார். இப்போது வாயில் இருக்கும் எச்சிலை விழுங்குங்கள். ஒன்றும் ஆகவில்லை அல்லவா. அதே எச்சிலை ஒரு சுத்தமான டம்ளரில் துப்பிவிட்டு, உடனே எடுத்துக் குடிப்பதாக நினைத்துப் பாருங்கள்.

#6 வாசலில்_நிற்பவன் | சனி, இரவு 11.04

சாப்பிட்டுக்கொண்டே படித்தேன். நன்றி.

#7 மதுரைக்காரன்_முனிர்கா | ஞாயிறு, காலை 8.20

குடல் என்றதும் வாஷ்பேசினுக்கு ஓடினாரா! தம்பி, நான் ஞாயிற்றுக்கிழமை குடல் குழம்புக்காகவே ஐஎன்ஏ மார்க்கெட் வரை போகிற ஆள். அம்மா மஞ்சளும் வெந்நீரும் ஊற்றிக் குடலைத் திருப்பித் திருப்பிக் கழுவும்போது பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவன். அந்த நாற்றமே எனக்குப் பசியைக் கிளப்பும். ரத்தப் பொரியலும் அப்படித்தான். மழை விட்ட சாயங்காலம் ஈசல் பிடித்து, அரிசியோடு வறுத்துத் தின்று வளர்ந்தவனுக்கு அருவருப்பு என்ற ஒன்றே கிடையாது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

டெல்லிக்கு வந்த முதல் வருஷம் ஒரு பஞ்சாபி நண்பன் தவாவில் வறுத்துத் தருகிற கடைக்குக் கூட்டிப் போனான். கலேஜி தெரியும், ஈரல். குர்தா தெரியும், சிறுநீரகம். கூடவே கப்பூரா என்று ஒன்று வந்தது. மெத்தென்று, வெண்ணெய் மாதிரி. இரண்டாவது பிளேட் நான்தான் கேட்டு வாங்கினேன். பைக்கில் திரும்பும்போது, அது ஆட்டின் விதை என்றான். பைக்கை நிறுத்தச் சொன்னேன். மேற்கொண்டு எழுதவில்லை, காலை நேரம்.

அதே ஆடு, அதே கடை. குடல் சரி, ரத்தம் சரி, விதை மட்டும் என்ன பாவம் செய்தது? யோசித்துப் பார்த்ததில் எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். குடல் குழம்பாவதை நான் முதலிலிருந்து பார்த்தேன். கப்பூராவை வாய்க்குள் போன பிறகுதான் அறிமுகம் செய்து வைத்தார்கள். பின்னால் தெரிந்துகொண்டால்தான் வயிறு கலங்குகிறது.

ஊரில் அப்பாவிடம் போனில் சொன்னேன். "நம்ம கறிக்கடையில நான் அதத்தானடா தனியா எடுத்து வைக்கச் சொல்லுவேன்" என்றார். இத்தனை வருஷம் எங்கள் வீட்டுக் குழம்பில் எது மிதந்தது என்று நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

#8 லேபிள்_வாசகர் | ஞாயிறு, காலை 10.05

உணவுத் தொழிலில் 12 வருஷமாக இருக்கிறேன். மதுரைக்காரர் சொன்னதில் ஒரு திருத்தம் வேண்டும். பின்னால் தெரிந்தால் மட்டும் போதாது, அது விலங்கு சம்பந்தப்பட்டதாகவும் இருக்க வேண்டும்.

ஐஸ்கிரீம் என்று நாம் வாங்கும் பல டப்பாக்களில் சின்னதாக "ஃப்ரோசன் டெசர்ட்" என்று இருக்கும். பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்தது. இதை யாரிடம் சொன்னாலும் கோபம் வரும், ஏமாற்றிவிட்டான் என்பார்கள். யாருக்கும் குமட்டாது. பாகற்காய் பிடிக்காதவன்கூட அதை முகம் சுளித்துத் தள்ளுவான், ஆனால் பாகற்காய் பட்ட தட்டைக் கழுவி அதில் சாப்பிட மறுக்க மாட்டான். குமட்டல் என்பது அநேகமாக எப்போதும் உடம்பு சம்பந்தப்பட்டது: சதை, சவ்வு, சுரப்பு, பூச்சி, கழிவு.

என் அனுபவத்தில் ஆட்களை அதிகம் கலக்குவது மூன்று.

ஜெலட்டின். மாடு, பன்றி ஆகியவற்றின் தோலையும் எலும்பையும் வேகவைத்து எடுப்பது. மார்ஷ்மெல்லோவும் பல ஜெல்லி மிட்டாய்களும் அதன் புண்ணியத்தில்தான் குலுங்குகின்றன. மருந்துக் கடையில் வாங்கும் கேப்சூலின் கூடு பெரும்பாலும் அதுதான். ஜாமா மசூதிப் பக்கம் பாயா குடிப்பவன் காசு கொடுத்துக் குடிக்கிற அதே பிசுபிசுப்பு.

கார்மைன். சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் ஒரு பூச்சியைக் காயவைத்து எடுக்கும் சிவப்புச் சாயம். பெரு நாட்டில்தான் அதிகம். ஒரு கிலோ சாயத்துக்கு லட்சத்துக்கு மேல் பூச்சிகள். 2012இல் அமெரிக்காவில் ஸ்டார்பக்ஸின் ஸ்ட்ராபெரி பானத்தில் அது இருப்பது தெரியவந்து ஒரே ரகளை. கடைசியில் தக்காளியிலிருந்து எடுக்கும் நிறத்துக்கு மாறினார்கள். பூச்சிச் சாயத்தால் அங்கே யாரும் படுக்கையில் விழவில்லை. தெரிந்ததுதான் பிரச்சினை.

மூன்றாவது ஷெல்லாக். மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேலே பளபளப்பு ஏற்றுவது. புரசு, இலந்தை, கும்பாதிரி மரங்களில் வாழும் ஒரு பூச்சியின் சுரப்பு, நம் நாட்டில் ஜார்க்கண்டில்தான் அதிகம். இதைப் பூச்சிச் சுரப்பு என்றால் முகம் கோணும். ஆனால் தமிழில் அதன் பெயர் அரக்கு. பாரதக் கதையில் பாண்டவர்களுக்குக் கட்டிய அரக்கு மாளிகையின் அதே அரக்கு. அரக்கு என்று சொல்லிப் பாருங்கள், ஒன்றும் ஆகாது. நகைக்கடை வாசனைதான் வரும்.

#9 மயூர்விஹார்_மாடி | ஞாயிறு, காலை 10.31

பச்சைப் புள்ளி பார்த்து வாங்கினால் இதிலிருந்தெல்லாம் தப்பலாமா?

#10 லேபிள்_வாசகர் | ஞாயிறு, காலை 10.50

பெருமளவு தப்பலாம். ஆனால் எண்களைப் பார்க்கப் பழகுங்கள். 631 என்று ஒன்று உண்டு, சிப்ஸிலும் நூடுல்ஸ் மசாலாவிலும் சுவை கூட்டப் போடுவது. மரவள்ளி மாவைப் புளிக்கவைத்தும் செய்யலாம், மீனிலிருந்தும் இறைச்சியிலிருந்தும் எடுக்கலாம். எண்ணை மட்டும் பார்த்தால் எது என்று தெரியாது. இதை வைத்து ஓர் அறக்கட்டளை தொடுத்த வழக்கில், 2021 டிசம்பரில் நம் டெல்லி உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: குறியீட்டு எண் மட்டும் போட்டால் போதாது, அது தாவரமா, விலங்கா, ஆய்வகத்தில் செய்ததா என்றும் சொல்ல வேண்டும். எத்தனை சிறிய அளவாக இருந்தாலும் விலங்கு என்றால் அசைவம்தான்.

அளவு சிறியது என்ற வாதம் நீதிமன்றத்தில் மட்டுமல்ல, மாமியின் அடுக்களையிலும் எடுபடாது என்பதைக் கவனித்தீர்களா? ஒரு துளி பட்டாலும் பத்து பத்துதான்.

#11 கருவாட்டுக்காரி | ஞாயிறு, மதியம் 1.15

எல்லாரும் இதைச் சிரிப்பாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் கொஞ்சம் கசப்பாகத்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் தூத்துக்குடி. தெற்கு டெல்லியில் மூன்று வீடு மாறிவிட்டேன். வீடு பார்க்கப் போனால் முதல் கேள்வி வேலையைப் பற்றியே இருக்காது. "நான்வெஜ்?" இரண்டாவது வீட்டில் அடிப்பேன் என்றும் சொல்லவில்லை, காலி செய் என்றும் சொல்லவில்லை. ஒருநாள் நெத்திலிக் கருவாடு வறுத்தேன். மறுநாளிலிருந்து வீட்டுக்காரம்மா மாடிப்படியில் என்னைப் பார்த்தால் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். அடுப்பு அணைந்து ஒரு வாரம் ஆன பிறகும் மூடினார். நாற்றம் சட்டியில் இருந்து எப்போதோ போய்விட்டது. என் மேல் ஒட்டிக்கொண்டது.

தொட்டது தொட்டுக்கொண்டே இருக்கும் என்று தங்கை எழுதினாளே, அது சட்டியோடு நிற்பதில்லை. சாப்பாட்டைப் பார்த்து வருகிற குமட்டல் சாப்பிடுகிறவர் மேல் தாவும். பிறகு அவர் உட்கார்ந்த இடம், குடித்த டம்ளர். டம்ளரைத் தனியாக வைக்கிற வழக்கம் எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? மாமி, உங்களைச் சொல்லவில்லை. ஆனால் பத்து என்ற சொல்லை எங்கள் தெருவில் யாரும் செல்லமாக நினைவுகூர மாட்டார்கள்.

#12 மதுரைக்காரன்_முனிர்கா | ஞாயிறு, மதியம் 1.40

அக்கா சொன்னது முழுக்கச் சரி. நானும் வாடகைக்கு வீடு தேடும்போது குடலை வாயில் எடுக்கவே மாட்டேன், சொல்லளவில்கூட.

#13 கோல்மார்க்கெட்_மாமி | ஞாயிறு, மாலை 4.30

தூத்துக்குடிப் பெண்ணே, என்னையும் சேர்த்தே சொல்லலாம். எங்கள் வீட்டில் வேலைக்கு வந்தவளுக்கும் தனி டம்ளர் இருந்தது. அதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஆனால் குமட்டலை வேண்டுமென்று யாரும் வரவழைப்பதில்லையே, அதுதான் என் குழப்பம். எனக்கு மீன் வாசனை வந்தால் உடம்பே சுருங்குகிறது. நியாயம் என்று சொல்லவில்லை. சுருங்குகிறது, அவ்வளவுதான். பேரன் முட்டை சாப்பிடுகிறான், நானே தோசைக்கல்லில் ஊற்றிக் கொடுக்கிறேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு. அந்தக் கல் தனி.

லேபிள்காரர் எழுதியதைப் படித்துவிட்டு என் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தேன். தினமும் காலையில் ஒரு கேப்சூல், ஆறு வருஷமாக. மருந்துக்குத் தோஷம் இல்லை என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டு இன்றைக்கும் விழுங்கியாயிற்று. தொண்டையில் கொஞ்சம் நின்று யோசித்துவிட்டுத்தான் இறங்கியது.

#14 கருவாட்டுக்காரி | ஞாயிறு, மாலை 5.05

மாமி, இப்படிச் சொல்வதற்கே மனசு வேண்டும். சரி, ஒன்று கேட்கிறேன், சண்டைக்கு இல்லை. உங்கள் வீட்டில் பச்சைக்குழந்தைக்கு உரைமருந்தோடு கோரோசனை உரைத்துக் கொடுத்திருப்பீர்களே? அது மாட்டின் பித்தப்பையில் இருந்து எடுக்கிற கல். திருமலையில் வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்குப் பிறகு சுவாமிக்குச் சாற்றுகிற புனுகு, புனுகுப் பூனையின் வாலடிச் சுரப்பி தருவது. பஞ்சகவ்யத்தில் சாணமும் கோமூத்திரமும் சேர்கிறது. இவை எல்லாம் எதிலிருந்து வருகின்றன என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் வயிறு புரளவில்லை?

#15 கோல்மார்க்கெட்_மாமி | ஞாயிறு, மாலை 5.20

புரளவில்லை. யோசித்துப் பார்க்கிறேன். பஞ்சகவ்யம் குடிக்கும்போது முகத்தைச் சுளித்தால் அம்மா முறைப்பாள், அது நினைவிருக்கிறது.

#16 நார்த்கேம்பஸ்_மாணவி | ஞாயிறு, மாலை 6.00

மாமியின் அம்மா முறைத்ததில்தான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைகள் கிடைத்ததை எல்லாம் வாயில் போடும், ரோசின் குழுவினர் நாய் மலம் போலச் செய்து வைத்த தின்பண்டத்தையும் பெரும்பாலான குழந்தைகள் வாயில் போட்டன. கசப்பைத் துப்பப் பிறந்ததும் தெரிகிறது. அருவருப்பை நாம்தான் "உவ்வே, சீ" என்று முகத்தைக் காட்டிக் கற்றுக்கொடுக்கிறோம். 2003இல் பிரான்சில் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். கெட்ட நாற்றத்தை முகரும்போது விழித்துக்கொள்ளும் இன்சுலா என்ற பகுதி, இன்னொருவர் முகம் சுளிப்பதைப் பார்க்கும்போதும் விழித்துக்கொண்டது.

இந்த உணர்ச்சி நோயிலிருந்து காக்கத்தான் வந்தது என்பவர்களும் உண்டு. லண்டனில் வாலரி கர்ட்டிஸ் 2004இல் சுமார் 40,000 பேருக்குப் படங்களைக் காட்டி, நோயை நினைவூட்டுகிற படங்களே அதிகம் குமட்டுவதாகக் காட்டினார். அதை நான் மறுக்கவில்லை. அழுகிய இறைச்சியிலிருந்து ஓட உடம்புக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் எது அழுகல், எது பிரசாதம் என்ற பட்டியலை வீடுதான் எழுதிக்கொடுக்கிறது. காசும் எழுதும்: புனுகுப் பூனையின் இனமான மரநாய் தின்று கழித்த காபிக் கொட்டையைப் பொறுக்கிக் கழுவி வறுத்து, உலகத்திலேயே விலை கூடிய காபி வகைகளில் ஒன்றாக விற்கிறார்கள். குடிப்பவருக்குத் தெரியாமல் இல்லை, தெரிவதற்குத்தான் அந்த விலை.

#17 வாசலில்_நிற்பவன் | ஞாயிறு, மாலை 6.12

அதனால்தான் நம் ஆட்கள் முன்பே சொன்னார்கள், அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்று. பிட்டுப் பார்க்காதே, தின்னு.

#18 லேபிள்_வாசகர் | ஞாயிறு, மாலை 6.40

பழமொழி நிஜம். அத்திப் பிஞ்சின் முனையில் உள்ள துளை வழியாகப் பெண் குளவி நுழையும், நுழையும்போதே சிறகு ஒடியும், உள்ளே மகரந்தத்தைச் சேர்த்துவிட்டு அங்கேயே சாகும். நாட்டு அத்தியைப் பிட்டால் அடுத்த தலைமுறை ஊர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கடையில் விற்கும் அத்தி வகைகளில் பல குளவி இல்லாமலே காய்க்கும், மற்றவற்றிலும் உள்ளே செத்த குளவியைப் பழத்தின் நொதியே பெரும்பாலும் கரைத்துவிடும். கேட்டுவிட்டீர்கள், இனி காரி பாவ்லி சந்தையில் அஞ்சீர், அதாவது உலர்ந்த அத்தி, வாங்கும்போது என்னைத் திட்டாதீர்கள்.

#19 மதுரைக்காரன்_முனிர்கா | ஞாயிறு, இரவு 7.15

ஈசல் தின்றவனுக்குக் குளவி என்ன. ஆனால் தினமும் காலையில் இரண்டு அஞ்சீர் ஊறவைத்துத் தின்பேன். நாளைக்குத் தெரியும்.

#20 மயூர்விஹார்_மாடி | திங்கள், இரவு 8.50

இன்றைக்கு அலுவலகம் முடிந்து கரோல்பாகில் ஒரு மிட்டாய்க்கடையில் இறங்கினேன். வர்க் எப்படிச் செய்தது என்று கேட்டேன். கல்லாவில் இருந்தவர் அலுத்துக்கொள்ளாமல் ஒரு கட்டை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு வெள்ளித்தாளும் இரண்டு காகிதத்துக்கு நடுவில். "மெஷின் கா ஹை, பேட்டா, பே-ஃபிகர் காவோ" என்றார், மெஷினில் செய்தது, கவலைப்படாமல் சாப்பிடு என்று. அட்டையில் பச்சைப் புள்ளியும் இருந்தது. நம்பினேன். கால் கிலோ வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து, எல்லாம் தெரிந்தும், கத்தியை எடுத்து ஒவ்வொரு துண்டிலும் மேலே சுரண்டிவிட்டுத்தான் சாப்பிட்டேன். எதிர்வீட்டு ஆன்ட்டி அளவுக்குப் பொறுமை இல்லை, முந்திரியும் கொஞ்சம் சேர்ந்து வந்துவிட்டது. சுவையில் ஒரு மாற்றமும் இல்லை.

#21 கோல்மார்க்கெட்_மாமி | திங்கள், இரவு 9.05

சுரண்டி எடுத்த வெள்ளியை என்ன செய்தாய்?

#22 மயூர்விஹார்_மாடி | திங்கள், இரவு 9.07

காகிதத்தில் மடித்துப் பூஜை அலமாரியில் வைத்திருக்கிறேன், மாமி. வெள்ளி அல்லவா, குப்பையில் போட மனம் வரவில்லை.